மாஸ்டருடைய படம்

"மாஸ்டர், சுகப்பிரசவமா, சீசரா?"

எங்கள் நேற்றைய பதிவுக்குக் கீழே எவனோ கேட்டிருந்ததைப் பாஹிம் சத்தமாக வாசித்தார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இருநூறு பேருக்கு மேல் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட எங்கள் தேர்தல் கந்தோர். காலை ஒன்பது மணி. பாஹிம் கட்சி அமைப்பாளர். மூலைக் கதிரையில் பக்கீர் மாஸ்டர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் கணக்குப் படிப்பித்த மனுசன். பாவம், மூன்று பிள்ளை பெற்றவர் என்று ஒரே நாளில் பேர் வாங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். பிரதேச சபைக்கு நிற்பது பஸ்னா பக்கீர், மாஸ்டருடைய மனைவி. ஆனால் போஸ்டர், பதாகை, பேஸ்புக் எல்லாவற்றிலும் இருப்பது மாஸ்டருடைய படம். பெண்பிள்ளையின் முகத்தை மதிலில் ஒட்டினால் ஊர் கதைக்குமாம். கட்சிக்காரர் நாலு பேர் கூடி அப்படி முடிவெடுத்தார்கள். வேட்பாளரும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அதற்காக அவள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அந்தப் பேஸ்புக் பக்கத்துக்கு எழுதுவது நான். படம் ஒட்டிப் போடுவது பாஹிம்.

சின்னப் பதிவு எழுதுவதில் என்னை வெல்ல இந்த ஊரில் ஆளில்லை. சும்மா சொல்லவில்லை. முதல் வரியிலேயே விரல் நிற்க வேண்டும். மொத்தம் மூன்று வரி. முடிவில், வாசிக்கிறவர் தன் வாயால் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று. 'மேலும் பார்க்க' என்று வந்தால் சனம் பார்க்காமலே போய்விடும்.

குப்பை, தெருவிளக்கு, மழைக்கு உடைந்த ரோடு என்று ஒரு மாதமாக எழுதினேன். நன்றாகத்தான் போனது. 'மாஸ்டருக்கே எங்கட வோட்டு' என்று எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன கிழமை குறிஞ்சாக்கேணியிலிருந்து இரண்டு பெண்கள் வேட்பாளரைத் தேடி வந்தார்கள். வாசலில் மாஸ்டரின் பெரிய படத்தைக் கண்டார்கள். ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்து போவதற்குள் ஓட்டோ ஏறிவிட்டார்கள். என்ன சொல்ல வந்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்தக் கோபத்தில்தான் நேற்றையதை எழுதினேன்.

'மூன்று பிள்ளைக்கும் கிளினிக் போன நாளெல்லாம் நான் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. நீங்களும் குடிக்காமல்தான் போனீர்களா?'

வேட்பாளருடைய சொந்தக் கதை. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பாஹிம் அதை முழுதாக வாசிக்கவில்லை. வழக்கம்போல மீசையும் கண்ணாடியுமாக மாஸ்டரின் படத்தை மேலே ஒட்டினார், போட்டார், அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

"ராத்தா, இதை உடனே அழிக்கோணும்," என்றார் இப்போது. அக்கா முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார். "கந்தளாய் வரைக்கும் சிரிக்கானுகள். வோட்டு எல்லாம் போகப் போகிது."

"சிரிக்கிறது ஆரு? ஆம்புளைகள். இன்னும் கீழ இறங்கி வாசிங்க."

அவர் இறங்கவில்லை. போனைப் பறித்து நானே இறங்கினேன்.

சிரிப்பு முடிந்த இடத்தில், முகப்படத்துக்குப் பதிலாக இருந்த ஒரு ரோசாப்பூ எழுதியிருந்தது: 'நானும் குடிக்கிறல்ல.' அடுத்தது ஒரு பூனைக்குட்டி. அதற்குக் கீழே தொட்டிலில் கிடக்கும் குழந்தை. தோப்பூரிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கோப்பை: 'விடிய ஆறு மணிக்குப் போய் ரெண்டு மணி வரைக்கும் அடக்கிட்டு இருந்தனான்.' அறுபத்து மூன்று பெண்கள். ஒருத்தியின் பக்கத்திலும் முகம் இல்லை. எல்லாம் பூவும் பிள்ளையும்.

கடைசியாக எழுதியிருந்தவளுக்குப் படமே இல்லை. வெறும் சாம்பல் வட்டம். அதையும் சத்தமாக வாசித்தேன்.

'ஒரு ஆம்புளைட படத்துக்குக் கீழ இதை எழுத வெக்கமாத்தான் இரிக்கி. எண்டாலும் எழுதுறன்.'

பாஹிம் கூரை விசிறியைப் பார்த்தார்.

"பதிவு அழியாது," என்றேன். "படம்தான் மாறும்."

"அதுக்குக் கட்சி ஒத்துக்கொள்ளாது, ராத்தா."

"கட்சியா போய் அந்தக் கிளினிக்கில நிக்கப் போகிது?"

"மாஸ்டர், நீங்களாவது ஒண்டு செல்லுங்க!"

மாஸ்டர் எழும்பினார். என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தச் சாம்பல் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டை நுனியால் கமராக் கண்ணாடியைத் துடைத்தார். போனை எனக்கு நேரே பிடித்தார்.

"பஸ்னா, முகத்தில வெளிச்சம் காணாது. கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன். ஒரு மாதமாக மதில்களில் இல்லாத என் முகத்தில் பாலத்துப் பக்கத்து வெயில் விழுந்தது.

பாஹிம் அவசரமாகக் கதவைச் சாத்தப் போனார்.

"திறந்தே இரிக்கட்டும்," என்றேன்.