317-ஆம் எண் ஒளி

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபடியே ரியா ஒரு கேம் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். கேமில் வரும் கற்பனை உலகத்து வானத்தைப் படம் படமாக அனுப்புவார்கள். ஒவ்வொரு ஒளியையும் அவள் மூன்று வகைகளில் ஒன்றில் போட வேண்டும்: அசையாதவை, சுற்றுபவை, திரும்பி வருபவை.

டிசம்பர் பிறந்ததும் 317-ஆம் எண் வந்தது. சிவப்பு, ஐந்து முனை. ஒரு முனை கிழிந்து, அதில் நீல இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அசையாதவை என்று போட்டாள்; மறுநாள் திருப்பி அனுப்பினார்கள். சுற்றுபவை என்று போட்டாள். அதுவும் திரும்பி வந்தது.

"ம்மா, இத கொஞ்சம் பாரேன்."

ஞானகுமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ரியாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டும் காகித ஸ்டார் அது. டேப் ஒட்டியது அண்ணன் ஆன்டோ. ஜூனில் அவன் தவறிப்போனான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள். அது பரணிலேயே கிடந்தது.

"மூணாவதுல போடுடி."

போட்டாள். எப்போது திரும்பி வரும் என்று கேட்கும் கட்டத்தில் அன்றைய தேதி தானாக விழுந்தது.

சாயங்காலம் ஞானகுமாரி ஸ்டாரை இறக்கித் துடைத்தாள். கால் ஆடும் ஸ்டூலை வாசலில் போட்டு, ஆன்டோ ஏறிக் கட்டும்போது எப்போதும் பிடிப்பதுபோலக் குனிந்து பிடித்துக்கொண்டாள்.

"நா ஏறட்டுமா மா?"

"நீ எதுக்கு? தள்ளி நில்லு." பிறகு மேலே பார்த்துச் சொன்னாள்: "கெட்டியா புட்ச்சிகினு கீறேன், ஏறுடா."

ஸ்டூல் ஒருமுறை முனகி, பாரம் வாங்கிக்கொண்டு நின்றது.