இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்

"லோர்னா, படம் வருதா?"

அரிசோனா பாலைவன முகாமில், தன் வேன் வீட்டுக்கு வெளியே டிஷ்ஷைத் திருப்பியபடி கத்தினார் வெர்லின்.

"இல்ல, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

காலையிலிருந்து இதே கூத்து. பக்கத்து வண்டிக்காரன் டுவேனுக்குப் பொறுக்கவில்லை. "மேட்ச்சே ஆரம்பிச்சிருச்சு பெரியவரே. நான் உள்ள கேபிளைப் பாக்கறேன்" என்று வண்டிக்குள் ஏறினான்.

கேபிளின் முனை டிவியில் இல்லை. லோர்னாவின் மடியில் கிடந்தது.

"ஏம்மா, வயசான மனுஷனை வெயில்ல நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறீங்களா?"

லோர்னா ஜன்னலை மெல்லச் சாத்தினார்.

"படம் வந்தா உள்ள வந்து உக்காருவார். 'கர்ட்டிஸ் எங்க? மேட்ச்சுன்னா ஓடி வந்துருவானே'ம்பார். பையனைப் புதைச்சு ரெண்டு வருஷமாச்சுப்பா. இவருக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் சொல்லணும். இப்பத்தான் மொதமொதலா கேக்கற மாதிரி விழுந்து விழுந்து அழுவார்."

"லோர்னா, இப்ப வருதா?"

லோர்னா வாயைத் திறந்தார். அதற்குள் டுவேன் ஜன்னலைத் திறந்தான்.

வெளியே எட்டிப் பார்த்து அவனே கத்தினான்: "இல்ல பெரியவரே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!"