டோரதியின் மெஷின்

ஜீவனஹள்ளியில் ஷெர்வின் பழைய வாக்குவம் கிளீனர்களைச் சேகரித்துவந்தான். பக்கத்து வீட்டு டோரதி இறந்ததும் அவர் மகள் சோஃபியாவிடம், “மம்மியோட மெஷின் இனிமே ஓடாதும்மா” என்று பொய் சொல்லி அதை எடுத்துவந்தான்.

துடைத்து மெருகேற்றி, தூசி சேரும் துணிப்பையைத் துவைத்து மாட்டினான். மறுநாள், ஓட்டாமலே, பை நிறைய நரைமுடியும் முகப்பவுடரும் இருந்தன. மறுபடி துவைத்தான். மறுபடியும் நிறைந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு சோஃபியா வீட்டுக்குப் போனான்.

“மன்னிச்சிடும்மா. இது நல்லாத்தான் ஓடுது. ஆசையில பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்ணா,” என்றாள் அவள். “தினம் காலைல மம்மி ரூம்ல இது ஓடுற சத்தம் கேக்குதே.”

டோரதியின் மூடிய அறைக்குள் ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது. அவன் கைகளுக்குள் துணிப்பை மெல்ல உப்பியது.