போன் இல்லாத ஞாயிறு

லோகேஷின் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள் தென்றல். தன்னுடைய போனையும் அணைத்து உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சாயங்காலம் வரைக்கும் போனு கெடையாது மாமா. இன்னிக்கு ஒரு நாளாவது எங்க கூட இரு."

"வெளாடாதடி. எப்ப வேணா எச்.ஆர்.லேந்து கூப்புடுவாங்க. குடு."

"ஞாயித்துக்கெழமை எந்த எச்.ஆரு கூப்புடுவாரு? வண்டிய எடு."

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று தென்றல் கேட்க ஆரம்பித்து மாதக்கணக்காகிவிட்டது. இருவருக்கும் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் வேலை. கோயில் பக்கத்திலேயே இருந்தும் லோகேஷுக்கு நேரம் கிடைத்ததில்லை. ஷிப்ட் முடிந்தால் ஓ.டி., அதுவும் இல்லையென்றால் ஜப்பானிய மொழி வகுப்பு.

கம்பெனியின் ஜப்பான் ஆலைக்கு இரண்டு வருடப் பயிற்சிக்கு ஒரே ஓர் ஆளை அனுப்பப் போகிறார்கள். போய்த் திரும்பினால் சூப்பர்வைசர் வேலை, அப்புறம் சொந்த வீடு. இதே நினைப்பில் லோகேஷுக்குத் தூக்கம் கெட்டுப் போயிருந்தது. வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரமும் போனில் ஜப்பானியப் பாடம் ஓடும்; தென்றல் காதிலும் விழும். கம்பெனி ஆள் தேர்ந்தெடுக்க வைத்த பரீட்சையன்று, "தனியா போயி பயந்துக்கப் போற" என்று தென்றலும் கூடவே போய் எழுதிவிட்டு வந்தாள்.

பெட்ரோல் டாங்க்கின் மேல் உட்கார்ந்து, எதிரே வந்த லாரிகளுக்கெல்லாம் கை காட்டினாள் நான்கு வயது மகள் ஓவியா.

"அப்பா, அந்த லாரி எங்க போவுது?"

அவன் காதில் விழவில்லை. பக்கத்து லைன் எழிலரசனுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவனும் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள்.

கோயில் வரிசையில் நிற்கும்போது லோகேஷின் கை காலிப் பாக்கெட்டைத் தடவித் தடவிப் பார்த்தது. தீபாராதனையின்போதும் அவன் மனசு சந்நிதியில் இல்லை.

வெளியே வந்ததும் மகளின் கையை அவன் கையில் கொடுத்தாள் தென்றல். "நான் சுத்திட்டு வரேன். இவள நீ பாத்துக்க. பசிச்சா சாப்பாட்டுப் பையில எலுமிச்சை சாதம் கீது."

"நானா? நீ இல்லன்னா அழுவாளே!"

"பழகிக்கட்டும்."

போனவள் பிரகாரம் சுற்றவில்லை. சற்றுத் தள்ளி, ஒரு தூண் ஓரமாக நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோகேஷ் குளத்துப் படியில் உட்கார்ந்தான். கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. ஓவியா பொரி கேட்டாள், வாங்கிக் கொடுத்தான். மீன் ஒன்று துள்ளியதும் அலறிக்கொண்டு வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவளே சிரித்து, மறுபடியும் பொரி போடச் சொன்னாள்.

அவளுடைய பின்னல் அவிழ்ந்திருந்தது. பின்னிவிடப் பார்த்தான். முதல் தடவை கோணலாக வந்தது, இரண்டாவது தடவை சிக்கிக்கொண்டது.

"வலிக்குதுப்பா."

"இரும்மா, இதோ ஆச்சி."

ரிப்பன் ஒருவழியாக நின்றது. சாதத்தை உருட்டிக் கொடுத்தான். வாயில் பருக்கைகளோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள் ஓவியா.

"அப்பா, நாளைக்கும் வருவியா?"

"எங்கம்மா?"

"எங்க வூட்டுக்கு."

உருட்டிய கவளம் லோகேஷின் கையிலேயே நின்றுவிட்டது. அவள் தூங்கும்போது கிளம்பி, தூங்கின பிறகு திரும்புகிற வீடு அது. அவள் எப்போது இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டாள் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

தென்றல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது ஓவியா அவன் மடியில் சாய்ந்து கிடந்தாள்.

"தென்றலு, அந்த ஜப்பான் சான்ஸு கெடைச்சாலும் நான் போவப் போறதில்ல."

"இன்னா மாமா சொல்ற?"

"எழிலரசனே போவட்டும். புள்ள என்னிய விருந்தாளி மாதிரி பாக்கறாடி. ரெண்டு வருசம் போனா மூஞ்சியே மறந்துடுவா. வூடு மெதுவா கட்டிக்கலாம்."

"கோயில்ல ஒக்காந்துகினு பேசற. நாளைக்கு லைன்ல போயி நின்னா மறுபடியும் ஆரம்பிச்சிடுவ."

"சத்தியமா இல்ல. ஓ.டி.யும் வேணாம்னு சொல்லிடறேன்."

"காலைல இவள எழுப்பிக் குளிப்பாட்டணும். ஸ்கூல் வேன்ல ஏத்தணும். முடியுமா?"

"செய்றேன்."

"இட்லின்னா கொஞ்சம் சக்கர வெக்கணும். இல்லன்னா துப்பிடுவா."

"வெச்சிட்டாப் போச்சி."

"ஜுரம் வந்தா மருந்து குடிக்க மாட்டா. அடிக்கக் கூடாது."

"நான் ஏண்டி அடிக்கப் போறேன்? எங்கம்மாவையும் கூட்டியாந்து வெச்சிக்கலாம். இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி?"

தென்றலின் கண்கள் நிறைந்துவிட்டன. மகளின் கோணல் பின்னலை மெல்லத் தடவினாள். எத்தனை நாள் ஏக்கமோ என்று நினைத்து, லோகேஷ் அவள் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"அழுவாத. அதான் நான் போவலன்னு சொல்லிட்டேனே!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் தென்றல்.

"நேத்தே சொல்லிட்டாங்க மாமா. ஜப்பானுக்குப் போறது நானு."