பெங்களூரிலிருந்து வந்த பதில்

ஆன்லைன் புடவைக் கடையின் வெப்சைட்டில், கஸ்டமர் கார்ட்டில் போட்ட புடவைகள் பணம் கட்டும் பக்கத்துக்கு வருவதற்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் தள்ளுபடி விற்பனை.

“டெவலப்பர்ஸ் எல்லாம் சேர்ந்து நடத்துற இலவச மெயில் லிஸ்ட் ஒண்ணு இருக்கு சார். எந்தப் பிரச்னையைக் கேட்டாலும் யாராவது அதுல பதில்...” என்று ஆரம்பித்தாள் சுஜி.

மேனேஜர் தேவானந்தம் முடிக்க விடவில்லை. “வேலைவெட்டி இல்லாதவங்க எழுதறதையெல்லாம் நம்பி சைட்ல கை வைக்க முடியுமாம்மா? பெங்களூர் கன்சல்டன்ட்டுக்கு மெயில் போட்டாச்சு. இருபது வருஷ சர்வீஸ். பேசாம வெயிட் பண்ணு.”

சுஜி தன் சீட்டுக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில், லிஸ்ட்டில் புதுக் கேள்வி என்று அவள் போன் சிணுங்கியது. பார்த்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு மடமடவென்று ஏதோ டைப் செய்தாள்.

பத்தாவது நிமிடம் தேவானந்தம் உற்சாகமாகக் கூப்பிட்டார். “கன்சல்டன்ட் பதில் அனுப்பிட்டார்! என்ன தெளிவு பாரு! இதுக்குப் பேர்தான் எக்ஸ்பீரியன்ஸ்!”

“கடைசி வரியையும் படிச்சிடுங்க சார்.”

சத்தமாகவே படித்தார்.

“மேலும் சந்தேகம் இருந்தால் நமது இலவச லிஸ்ட்டிலேயே கேளுங்கள். அன்புடன், சுஜி, கிழக்குத் தாம்பரம்.”