தகுதிச் சான்று

மூன்றாவது முறையும் அது நழுவியது.

ஒன்பதாம் மாடியில் வந்து நின்ற காலி லிஃப்ட், கதவு திறந்திருக்கும்போதே நாலு விரற்கடை மேலே ஏறி, பிறகு நின்றது.

பிரேக் பிடிக்கவில்லை. லிஃப்ட் பரிசோதகனாக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காலியாக இருந்தால் மேலே நழுவும். ஆள் நிறைந்தால் கீழே. எவ்வளவு தூரம் என்பது அதன் இஷ்டம்.

ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது நழுவினால் என்ன ஆகும் என்று பயிற்சியில் எங்களுக்குப் படம் காட்டினார்கள். அன்று மதியம் யாரும் சாப்பிடவில்லை.

"ஒண்ணும் இல்ல சார். நானே தினமும் பத்துத் தடவை இதுலதான் ஏறி இறங்குறேன்," என்றார் கட்டட மேனேஜர். பேனாவின் மூடியை அவரே கழற்றி நீட்டினார்.

போன வருஷமும் இதே போல ஒரு பிரேக். அன்றைக்குச் சனி என் பேனாவில் உட்கார்ந்திருந்தது. 'ஓட்டக் கூடாது' என்று எழுதி, சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன்.

கட்டடத்துக்காரர் பெரிய இடம். மறுநாளே வேறொரு பரிசோதகர் போய்ச் சீட்டைக் கிழித்தார். என்னைப் பழைய கோப்புகள் அறைக்குத் தூக்கியடித்தார்கள். எட்டு மாதம் தூசியில் தும்மினேன். கேன்டீனில் என் தலை தெரிந்தாலே, "சிவப்பு வந்துட்டார்டா" என்பார்கள். வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த லிஃப்ட் இன்றுவரை ஓடுகிறது. ஈ எறும்புக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பப் பரிசோதனை வேலைக்கு வந்த அன்று அதிகாரி தோளில் தட்டி, தோல்வியிலிருந்துதான் மனுஷன் பாடம் கற்கிறான் என்றார்.

கற்றுக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

இப்போது எனக்குப் பக்குவம் வந்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். என்மேல் ஒரு புகார் கிடையாது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. இன்று காலையில்கூட மனைவி என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தபடி, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா போயிட்டு வாங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சான்றுத் தாளைச் சுவரில் வைத்து, 'பிரேக்: நன்று' என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கையெழுத்து அழகாகத்தான் விழுந்தது.

மேனேஜர் மை காய்வதற்குள் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். 'பரிசோதனை நடக்கிறது' என்ற பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

அதற்கென்றே காத்திருந்ததுபோல, பக்கத்து அலுவலகத்திலிருந்து ஏழு பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள். கீழே போய்க் கேக் வெட்டப் போகிறார்களாம். ஒவ்வொருவராக உள்ளே காலெடுத்து வைக்க, நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நழுவவில்லை. தொப்பைக்காரர் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டார்.

கேக் பெட்டியை இடுப்பில் இடுக்கியிருந்த பெண், கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வாங்க சார், இடம் இருக்கு. ரெண்டு பேரும் ஏறிடலாம்."

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நீங்க போங்கம்மா. டாக்டர் என்னைப் படியில நடக்கச் சொல்லியிருக்காரு," என்றார் அவர்.

"என்னையும்தான்," என்றேன்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.