ஒரே தபால்பெட்டியில்

லதீஸ் தேநீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, சுஜீவா அவனுடைய வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள்.

அடுத்தவரின் வண்டியைக் குடைவது அழகில்லைதான். ஆனால் இரண்டு வாரமாக அவளுக்கு நித்திரை இல்லை.

வரும் புதன்கிழமை வாக்கெடுப்பு. மாநிலத் தேர்தலில் கட்சியின் சார்பில் யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்களே வாக்குப் போட்டு முடிவு செய்யப் போகிறார்கள். சட்டத்தரணி நிரஞ்சினி ஒரு பக்கம், நகரசபை உறுப்பினர் ஸ்ரீகாந்தன் மறுபக்கம். இருப்பதே முந்நூற்று நாற்பது வாக்குகள். அதில் பாதிக்கு மேல் தமிழருடையவை.

நிரஞ்சினிக்கு ஆள் பிடிப்பது, வேலை பிரிப்பது, செய்யாதவர்களை விரட்டுவது எல்லாம் சுஜீவாவின் தலையில் விழுந்திருந்தன. மல்கிரேவில் அவளுடைய வீட்டுக் கராஜ்தான் அலுவலகம்.

எந்தத் தெருவுக்கு வாக்குக் கேட்டு நிரஞ்சினியின் கடிதம் போனதோ, அதே தெருவுக்கு அதே நாளில் ஸ்ரீகாந்தனின் கடிதமும் போனது.

ஒரு தெரு என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒன்பது தெருவுக்கும் தற்செயல் வருமா?

கிளென் வேவர்லியில் இருக்கும் நாகேஸ்வரி அன்ரி போனில் சொன்னதோடு சுஜீவாவுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

"ரெண்டும் ஒண்டாத்தான் கிடந்தது பிள்ளை. உன்ரை ஆளின்ரைதான் மேல."

தெருப் பட்டியலை யாரோ அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். பட்டியல் இருந்ததோ இரண்டே பேரிடம். ஒன்று, அதைத் தயாரித்த சுஜீவா. மற்றது, கடிதங்களைக் கொண்டுபோய்ப் போடும் லதீஸ்.

அவன் மனைவியை ஊரில் விட்டு, அகதியாகப் படகில் வந்தவன். மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு ஏறியவன், பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கிறான். மகளைப் போனில்தான் தெரியும். நிரஞ்சினி வென்று வந்து, நிரந்தர விசா கேட்டு அமைச்சருக்குத் தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவார் என்ற நம்பிக்கையில் சம்பளமில்லாமல் ஓடித் திரிந்தான்.

சுஜீவாவைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

முதலில் அந்தப் பணிவு அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு அதுவே உறுத்தத் தொடங்கியது. ஏன் போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான்? நாளைக்கு எந்தத் தெரு என்று ஏன் இன்றைக்கே கேட்கிறான்? ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் ஒரு மனிதனால் இருக்க முடியுமா?

வானுக்குள் நிரஞ்சினியின் கடிதப் பெட்டி, அவள் கொடுத்தபடியே இருந்தது.

அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய துவாய். சுஜீவா அதைத் தூக்கினாள். துவாய்க்குக் கீழே இன்னொரு பெட்டி. அது நிறைந்த கடிதங்களில் ஸ்ரீகாந்தன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டியலை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு கடிதத்தையும் போட்டது ஒரே கை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, தன் கராஜில் உட்கார்ந்து கடிதம் மடித்துவிட்டு, இவன் செய்த வேலையைப் பார்.

திரும்பினாள். லதீஸ் கோப்பையோடு பின்னால் நின்றான்.

பயப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வெட்கப்பட்டதுபோல் தலையைக் குனிந்தான், அவ்வளவுதான்.

"ஸ்ரீகாந்தன்ரை ஆக்களும் அமைச்சருக்குக் கடிதம் தாறம் எண்டு சொன்னவை, அக்கா. நீங்களும் சொன்னனீங்கள். ஆர் வெண்டாலும் எனக்கு ஒண்டு கிடைக்குந்தானே."

சுஜீவா துவாயைத் திரும்பவும் பெட்டிமேல் போட்டாள்.

"உங்கடையைத்தான் எப்பவும் மேல வைக்கிறனான்," என்றான் அவன்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் ஒரு வீடு தவறாமல் உழைத்திருக்கிறான். பெட்ரோல்கூட அவனுடையது.

அவன் கோப்பையை வானின் படியில் வைத்தான். இப்போதுதான் அவனுடைய குரலில் பயம் வந்தது.

"இதைச் சாட்டிக் கடிதத்தை நிப்பாட்டிப் போடுவியளோ?"

லதீஸ் வேலைக்கு வந்த முதல் வாரமே சுஜீவா நிரஞ்சினியிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தாள். விசா விஷயத்தில் தான் யாருக்கும் எழுதப் போவதில்லை என்றும், அப்படிச் சொல்லி யாரையும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம் என்றும் நிரஞ்சினி அடித்துச் சொல்லியிருந்தார்.

சுஜீவா அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனோடு வானும் போயிருக்கும்.

அந்தப் பக்கத்திலும் தன்னைப் போல ஒருத்தி இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

"சீ, அப்பிடி இல்லை," என்றாள்.

பிறகு கராஜுக்குள் போய், ஞாயிற்றுக்கிழமைக்கான தெருப் பட்டியலை எடுத்துவந்து அவனிடம் கொடுத்தாள்.